எனக்குக் காட்டாத காட்

முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் மார்கழி மழைக்குக் கரண்ட் போன இரவுகளில் எங்கள் வீட்டில் குளூடோ என்ற துப்பறியும் விளையாட்டு வெளியே வரும். கடைப் பெட்டி அல்ல, விஸ்கோத்துப் பெட்டி மட்டையில் வெட்டிய 21 காட். அசல் விளையாட்டில் ஒரு மாளிகையில் கொலை நடக்கும். கொன்றது யார், எந்த ஆயுதத்தால், எந்த அறையில் என்று கண்டுபிடிக்க வேண்டும். "விளையாட்டிலயும் சாவு வேண்டாம்" என்று அக்கா சொல்லிவிட்டதால் எங்களுடையதில் பனங்காய்ப் பணியாரம் களவு போகிறது. 6 ஆட்கள், பணியாரத்தைக் கொண்டுபோக மூக்குப்பேணி முதல் சுளகு வரை 6 சாமான்கள், ஒளிக்க 9 இடங்கள்.

விளையாட்டு பிறந்ததும் இருட்டில்தான். இரண்டாம் உலகப் போரில், குண்டுவீச்சுக்குப் பயந்து வெளிச்சத்தை மறைத்திருந்த பேர்மிங்ஹாமில் அன்ரனி பிராட் இதை யோசித்தார். 1944இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தும், போருக்குப் பிந்திய தட்டுப்பாட்டால் 1949இல்தான் கடைக்கு வந்தது. போர்க்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

6×6×9, மொத்தம் 324 சாத்தியங்கள். வகைக்கொன்றாக 3 காட் யாரும் பார்க்காமல் உறைக்குள் போகும்; அவைதான் விடை. மிச்சம் 18ஐ மூன்று பேர் ஆறாறாகப் பிரிக்கிறோம். எனக்கு 2 ஆள், 1 சாமான், 3 இடம் வந்தால் அவை உறையில் இல்லை என்றாகிறது. 4×5×6, மிஞ்சுவது 120. இன்னும் வாயே திறக்கவில்லை.

"அம்மம்மா, சுளகு, குசினி" என்று அக்காவின் மகளான என் மருமகள் கேட்கிறாள். அவளுக்கு இடப்பக்கம் இருக்கும் அக்கா, கேட்ட மூன்றில் தன் கையில் உள்ள ஒரு காட்டை அவளுக்கு மட்டும் சரித்துக் காட்டுகிறாள். அது எதுவென்று எனக்குத் தெரியாது. ஆனால் மூன்றில் ஒன்று. குசினி என் கையில் இருக்கிறது, ஆகவே அம்மம்மா அல்லது சுளகு. கொப்பியில் குறித்து வைக்கிறேன். இரண்டு சுற்றுக் கழித்து நான் சுளகைச் சேர்த்துக் கேட்க, மருமகளே சுளகைக் காட்டுகிறாள். கள்ளி, தன் கையில் இருந்ததையே கேட்டிருக்கிறாள்! அப்படிக் கேட்டால் வரும் பதில் மற்ற இரண்டுக்குள் ஒடுங்கிவிடும் என்பது அவள் கணக்கு. எனக்கும் லாபம்தான்: அன்று அக்கா காட்டியது அம்மம்மா. கண்ணால் காணாத காட்டைப் பிடித்தாயிற்று. இந்த ருசிக்காகத்தான் மனிதர் எழுபது வருடத்துக்கு மேலாக இதை விடாமல் விளையாடுகிறார்கள் என்பது என் எண்ணம். தாயத்தில் விழுவதுதான் விதி. இங்கே தாயக்கட்டை காயை மட்டும்தான் நகர்த்தும்.

"இல்லை" என்பதும் பதில்தான். இருவரும் கையை விரித்தால், கேட்ட மூன்றும் உறையில் இருக்கலாம், அல்லது கேட்டவரே சிலதைப் பதுக்கி வைத்திருக்கலாம். கேட்டவரின் முகத்தைப் பார்க்கத் தொடங்குவது அப்போதுதான்.

அக்கா கொப்பியே வைப்பதில்லை. இரண்டு காட் பொருந்தினால், முன்பு அதே ஆளுக்குக் காட்டியதையே திரும்பக் காட்டுவாள். விதியும் மீறப்படவில்லை, புதுத் தகவலும் போகவில்லை.

"அம்மா, மூண்டாந்தரமும் மூக்குப்பேணிதானே!" என்று மருமகள் கத்த, அடுத்தது யார் என்று கேட்டபடி அக்கா விளக்குத் திரியைத் தூண்டினாள்.