ஹைபிரிட் காருக்கு வேறு கார் வீல்: மாட்டும் முன் வாங்கிவைக்க வேண்டிய காகிதங்கள்

மதுரை பைபாஸ் ரோட்டில் எந்த வீல் கடையில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "அஞ்சு நட்டு சார், அளவு ஒண்ணுதான், அப்படியே உட்காரும்." உட்காரத்தான் செய்யும். பிறகு விபத்து நடந்து, இன்சூரன்ஸ் சர்வேயர் வீலைப் படம் எடுத்துக்கொண்டு போனால், கடைக்காரர் வந்து நிற்க மாட்டார். ஷோரூம் ஆர்.டி.ஓ.வைக் கேள் என்கும், ஆர்.டி.ஓ. ஆபீஸ் கம்பெனியைக் கேள் என்கும். இந்த அலைச்சலில் மாட்டிப் பணத்தை இழந்தவர்கள் நிறைய. அதைத் தவிர்க்க வேண்டியதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

சட்டம் சுருக்கமானது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4)-ன்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தண்டனை உரிமையாளருக்கு என்பதைக் கவனியுங்கள். மாட்டிக் கொடுத்த கடையை இந்த உட்பிரிவு தொடுவதே இல்லை.

நடைமுறையில் பாதுகாப்பான எல்லை எது? டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் மேனுவலிலும் உள்ள டயர் அளவு. அதோடு, உங்கள் மாடலின் வேறு வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவு. அதைத் தாண்டினால் உங்களுக்காகப் பேச ஒரு காகிதமும் இருக்காது.

அளவு ஒத்துப்போனாலும் பிரச்சினை தீராது. டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டுகளில் டயர் அளவு 215/60 ஆர்17. ஹூண்டாய் கிரெட்டாவின் மேல் வேரியன்ட்டுகளிலும் அதே அளவு, அதே 5x114.3 நட்டு அமைப்பு (114.3 மி.மீ. வட்டத்தில் ஐந்து நட்டு). ஆனால் கிரெட்டா வீலின் நடு ஓட்டை 67.1 மி.மீ., இந்த ஹைபிரிட்டுகளில் வீல் உட்காரும் ஹப் 60.1 மி.மீ. இடையில் ரிங் போடாமல் மாட்டினால் வீல் நடுவில் நிற்காது. 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஸ்டீயரிங் ஆடும். கடையில் திரும்பத் திரும்ப பேலன்சிங் செய்து பணம் வாங்குவார்கள், ஆட்டம் நிற்காது.

நட்டு இன்னும் மோசமான பொறி. ஹைரைடரில் டொயோட்டா பேட்ஜ் இருந்தாலும் அடியில் சுசுகி, அதனால் நட்டு ஏறும் ஸ்டட் 12x1.25 (12 மி.மீ. கனம், 1.25 மி.மீ. மரை இடைவெளி). டொயோட்டா நட்டு 12x1.5. இரண்டு சுற்று கையால் ஏறும், அதற்கு மேல் பவர் கன்னால் ஏற்றினால் மரை போய்விடும். நட்டின் முகமும் பொருந்த வேண்டும். கூம்பு முகம் கேட்கும் ரிம்மில் வாஷர் வைத்த தட்டை நட்டைப் போட்டால் ஓட ஓடத் தளரும். முதலில் எல்லா நட்டையும் கையால் ஏற்றச் சொல்லுங்கள், கடைசி இறுக்கம் மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒருமுறை. புது அலாய்க்கு வாங்கிய நட்டு ஸ்டெப்னியின் இரும்பு ரிம்முக்குப் பொருந்தாமல் போகலாம், பழைய நட்டையும் டிக்கியில் வையுங்கள்.

ரிம்மின் உள்பக்கம் ஈ.டி. என்று ஓர் எண் வார்த்திருக்கும்: ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது அது. 50 இருந்த இடத்தில் 35 போட்டால் வீல் 15 மி.மீ. வெளியே தள்ளும். பேரிங் சீக்கிரம் போகும், ஃபெண்டரைத் தாண்டினால் போலீஸ் கண்ணிலும் முதலில் படும்.

மொத்த உயரத்தைக் கணக்குப் போடுங்கள். 215/60 ஆர்17 ஏறக்குறைய 690 மி.மீ., 215/60 ஆர்16 சுமார் 664. கிட்டத்தட்ட 4 சதவீதம் குறைவு, மீட்டர் கூடுதலாகக் காட்டும், தரை இடைவெளியும் குறையும். டயரின் பக்கவாட்டில் அளவை அடுத்து வரும் தாங்கு எண்ணும் (லோட் இண்டெக்ஸ்) குறையக்கூடாது: 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ, 92 என்றால் 630தான். பேட்டரியின் எடையையும் சுமக்கும் வண்டியில் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். டயரில் ஐ.எஸ். 15633 (கார் டயருக்கான இந்தியத் தரம்) முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். அகல டயரும் கனத்த ரிம்மும் போட்டால் எந்த மைலேஜுக்காக ஹைபிரிட் வாங்கினீர்களோ அதுதான் முதலில் குறையும்.

ஜாக்கி வைக்கும் முன் டாஷ்போர்டில் உள்ள ரெடி விளக்கு அணைந்திருக்க வேண்டும்; அது எரிந்தால் வண்டி ஆனில் இருக்கிறது. சத்தமில்லாததால் வண்டி ஆஃப் என்று நினைத்துவிடுவார்கள். ஆரஞ்சு நிற ஹை வோல்டேஜ் கேபிள் அடியில் போகிறது, ஜாக் பாயின்ட் தவிர வேறெங்கும் முட்டுக் கொடுக்க விடாதீர்கள்.

இனி ஆபீஸ்கள். மதுரை வடக்கு, தெற்கு, மத்தி என எந்த ஆர்.டி.ஓ.வுக்குப் போனாலும் "வீல் மாற்ற அனுமதிக் கடிதம்" கேட்டு வரிசையில் நிற்காதீர்கள். கம்பெனி அளவுக்குள் மாற்றினால் ஆர்.சி.யில் திருத்த எதுவும் இல்லை. புரோக்கர் பணம் வாங்கிக்கொண்டு ஒரு முத்திரைக் காகிதம் கொண்டுவந்தால், அது கிளெய்மில் நிற்காது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் "மாட்டலாமா?" என்று கேட்டால் கருத்துக் கூற இயலாது என்று திருப்பிவிடுவார்கள். "டயர், வீல் மாற்றம் குறித்த சுற்றறிக்கை நகல் தருக" என்று கேளுங்கள்.

மஞ்சள் போர்டு வண்டி என்றால் விளையாடவே வேண்டாம். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போகும்போது ஆர்.சி.யில் எழுதிய டயர் அளவோடு ஒத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பினால், சவாரி இல்லாத நாள் உங்கள் நஷ்டம்.

இன்சூரன்ஸில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஏஜென்ட் போனில் "பிரச்சினை இல்லண்ணே" என்று சொல்வதற்கு மதிப்பே இல்லை. பில், நான்கு வீலின் படம், பழைய அளவு, புதிய அளவு எல்லாம் வைத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் அனுப்பி எண்டார்ஸ்மென்ட் (மாற்றத்தைப் பாலிசியில் சேர்த்து எழுதித் தருவது) கேளுங்கள். பில் இல்லாமல் வாங்கினால் இந்த வழி அடைபடும். 2025 செப்டம்பர் 22 முதல் டயர் ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது, அதையும் மிச்சம்பிடிக்கப் பார்க்காதீர்கள்.

கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள், சர்வே அறிக்கையின் நகலும் கேளுங்கள். பின்னால் வந்த லாரி இடித்ததற்கும் முன்வீல் அளவுக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் சொல்லட்டும். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தியில்லை என்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், ஒரு வருடத்துக்குள். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஆனால் அதே விஷயத்தை நுகர்வோர் ஆணையத்தில் போட்டிருந்தால் இந்தக் கதவு மூடிவிடும். அவசரத்தில் இரண்டிலும் போட்டுவிடாதீர்கள்.

ஷோரூமில் கேட்கும் இன்னொரு மிரட்டல்: "வெளி வீல் போட்டீங்க, மொத்த வாரண்டியும் போச்சு." டொயோட்டா, மாருதி ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி உண்டு. பேரிங், சஸ்பென்ஷன் வேலையை மறுத்தால் அதில் நியாயம் இருக்கலாம். பேட்டரியை வீலைக் காட்டி மறுத்தால் ஒத்துக்கொண்டு திரும்பாதீர்கள். மறுப்பையும் காரணத்தையும் ஜாப் கார்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், அன்றே நடந்ததை மெயிலில் நீங்கள் எழுதி அனுப்புங்கள். மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, போகுமுன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனையும் கேட்கலாம். கழற்றிய பழைய நான்கு வீலையும் அதுவரை கடைக்காரரிடம் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.