கொழுப்பு வேறு, கொழுமியம் வேறு

லிப்பிட் என்பது நீரில் கரையாத, எண்ணெய்த்தன்மை கொண்ட பொருள்களின் குடும்பம். அவற்றை வகைபிரித்து அளக்கும் லிப்பிட் புரொஃபைலிங் என்பதைக் "கொழுப்பு விவரக்குறிப்பு" என்று இன்னொரு மொழிபெயர்ப்பிலும் பார்த்துவிட்டேன். இரண்டு சொல், இரண்டும் தவறு.

லிப்பிட் என்ற பெயரை 1923-ல் முன்வைத்தவர் பிரெஞ்சு வேதியியலர் கப்ரியேல் பெர்த்ராண். கிரேக்கத்தில் லிப்போஸ் என்றால் கொழுப்பு. வேரே கொழுப்பு என்றால் அப்படியே எழுதினால் என்ன என்று கேட்பார்கள். எழுதக் கூடாது. வேதியியலில் கொழுப்பு என்பது டிரைகிளிசரைடு, அதாவது கிளிசராலோடு மூன்று கொழுப்பமிலங்கள் சேர்ந்தது. அது லிப்பிட் குடும்பத்தில் ஒரு கிளை மட்டும்தான். செல் சவ்வை ஆக்கும் பாஸ்போலிப்பிடுகள், ஸ்பிங்கோலிப்பிடுகள், ஸ்டீரால்கள் எல்லாம் அதே குடும்பம். கொலஸ்ட்ரால் ஒரு ஸ்டீரால், கொழுப்பே அல்ல, ஆனால் "கெட்ட கொழுப்பு" என்று எழுதி எழுதி அதையும் கொழுப்பாக்கிவிட்டோம். "செல் சவ்வு கொழுப்பால் ஆனது" என்று படிக்கும் மாணவர் பாஸ்போலிப்பிடையும் உடம்பில் சேரும் கொழுப்பையும் ஒன்றாகத்தானே நினைப்பார்? கொழுமியம் என்ற நல்ல சொல் ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது. கொழுமை என்ற வேரும் தெரிகிறது, குடும்பப் பெயர் என்பதும் தெரிகிறது. இலங்கையில் எழுதும் இலிப்பிட்டு கூட எனக்குச் சம்மதம்தான், அது பொருளைக் குழப்புவதில்லை.

அப்புறம் விவரக்குறிப்பு. அது எழுதி முடித்த தாள். புரொஃபைலிங் ஒரு செயல்: ரத்தம், திசு போன்ற மாதிரியில் என்னென்ன கொழுமியங்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு என்று கண்டறிவது. குளோரோஃபார்ம்-மெத்தனால் கலவையில் பிரித்தெடுத்து, திரவ குரோமடோகிராபி என்ற பிரிப்பு முறையில் ஒவ்வொன்றாக வெளிவரச் செய்து, அயனியாக்கி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவியில் நிறை-மின்சுமை விகிதத்தை அளக்கிறார்கள். எடை மட்டும் போதாது. பாஸ்போலிப்பிடுகளிலேயே பாஸ்படிடைல் கோலின் ஒன்றும் அதைவிட மூன்று கார்பன் நீண்ட கொழுப்பமிலங்கள் கொண்ட பாஸ்படிடைல் எத்தனாலமீன் ஒன்றும் ஒரே வாய்பாடாக, ஒரே நிறையாக அமையலாம். அயனியை உடைத்துப் பார்க்கும்போது நிறை-மின்சுமை விகிதம் 184-ல் வலுவான முகடு வந்தால், மூலக்கூறின் தலைப்பகுதியில் கோலின் இருக்கிறது என்று தெரியும். இத்தனை வேலையையும் விவரக்குறிப்பு என்ற சொல் மறைத்துவிடுகிறது. கொழுமிய வகையளவீடு என்பேன்.

அந்த அளவீட்டில் கிடைக்கும் வரைபடமான மாஸ் ஸ்பெக்ட்ரத்தை "நிறை நிறமாலை" என்பதும் எனக்கு ஒப்பவில்லை. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒளியையோ நிறத்தையோ பிரிப்பதில்லை, அயனிகளைத்தான் பிரிக்கிறது. நிறைமாலை என்று சொன்னாலே போதும், அதில் நிறத்துக்கு என்ன வேலை?