காலியான பேட்டரி ஏன் கெடுகிறது?

"அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏற்றினால் பேட்டரி கெடும் என்பது புரிகிறது. முழுக்கத் தீர்த்துவிட்டால் ஏன் கெட வேண்டும்? உள்ளேதான் ஒன்றும் இல்லையே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அந்த "ஒன்றும் இல்லை" என்பதில்தான் சிக்கல். லித்தியம் அயனி பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நாம் கைவிடும் நேரத்தில், அதற்குள் வேண்டாத வேதிவினை ஒன்று தொடங்கக் காத்திருக்கிறது.

அடிப்படைகளை விரைவாகக் கடந்துவிடுவோம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்கிடையே போய் அமர்கின்றன. செலவாகும்போது மறுமுனையிலுள்ள உலோக ஆக்சைடுக்குத் திரும்புகின்றன. கைப்பேசியில் இருக்கும் வகை முழுச் சார்ஜில் சுமார் 4.2 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ காட்டும். பெரும்பாலான நேரம் 3.7 வோல்ட்டை ஒட்டி நின்று, கடைசிக் கட்டத்தில் மடமடவென்று சரியும். திரையில் 0 சதவீதம் என்று வருவது 3 வோல்ட்டை ஒட்டிய ஏதோ ஓர் எல்லையில்தான். அது உண்மையான பூஜ்யம் அல்ல.

அந்த எல்லையைத் தாண்டியும் இழுத்தால்? கிராஃபைட் பூசப்பட்டிருப்பது மெல்லிய செப்புத் தாளின் மேல். அலுமினியம் மலிவானது, எடையும் குறைவு. ஆனால் அந்த முனையில் அது லித்தியத்தோடு சேர்ந்து உலோகக் கலவையாகிச் சிதைந்துவிடும். ஆகவே செம்பு. லித்தியம் இருக்கும்வரை செம்புக்கு ஆபத்தில்லை. லித்தியம் உலோகத்தோடு ஒப்பிட்டு அளந்தால் கிராஃபைட் முனை 0.1 வோல்ட் அளவில்தான் இருக்கும். லித்தியம் எல்லாம் வெளியேறிய பிறகும் மின்னோட்டம் தொடர்ந்தால், எலக்ட்ரான்களை யாராவது கொடுத்தாக வேண்டும். அதே ஒப்பீட்டில் அந்த முனையின் மின்னழுத்தம் ஏறி 3.5 வோல்ட்டை நெருங்கும்போது, செம்பே எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு, அயனிகள் நீந்தும் திரவமான மின்பகுளியில் கரையத் தொடங்குகிறது. அடுத்த முறை சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு மீண்டும் உலோகமாகப் படியும். ஆனால் இருந்த இடத்தில் ஒழுங்காக அல்ல. ஊசி ஊசியாக வளர்ந்து, இரு முனைகளையும் பிரிக்கும் தாளைத் துளைத்தால் உள்ளுக்குள்ளேயே குறுக்குச்சுற்று. நீண்ட நாள் 0 வோல்ட்டில் கிடந்த கலத்துக்கு (பேட்டரியின் ஒற்றை அலகுக்கு) உயிர் கொடுக்கும் வித்தைகளை நான் வெறுப்பது இதனால்தான்.

இதைத் தடுக்கும் சுற்று மிகச் சிறியது. தட்டையான லித்தியம் பேட்டரியின் தலைமாட்டில் சுற்றியிருக்கும் மஞ்சள் நாடாவுக்கு அடியில் பெரும்பாலும் நகத்தின் அகலத்துக்கு ஒரு பலகை இருக்கும். ஆறு கால் சிப் ஒன்று, எட்டுக் கால் சிப் ஒன்று, ஓரிரு மின்தடைகள், ஒரு மின்தேக்கி. ஆறு கால் சிப் மின்னழுத்தத்தைக் கவனிக்கிறது. எட்டுக் கால் சிப்புக்குள் மாஸ்ஃபெட் என்னும் இரண்டு டிரான்சிஸ்டர்கள், எதிர்முனைப் பாதையில் அடுத்தடுத்து அமைந்த சுவிட்சுகளாக வேலை செய்கின்றன.

ஒரு சுவிட்ச் போதாதா? இங்கேதான் வேடிக்கை. மாஸ்ஃபெட்டின் கட்டமைப்பிலேயே ஒரு டையோடு தானாக அமைந்துவிடுகிறது. யாரும் கேட்டு வைத்ததல்ல. சுவிட்சை அணைத்தாலும் அந்த டையோடு வழியே ஒரு திசையில் மின்னோட்டம் போய்க்கொண்டிருக்கும். ஆக, ஒரு மாஸ்ஃபெட்டால் ஒரு திசையைத்தான் அடைக்க முடியும். அதனால் இரண்டை முதுகோடு முதுகாக வைக்கிறார்கள்: ஒன்று வெளியே போவதை அடைக்க, மற்றது உள்ளே வருவதை அடைக்க.

இப்போது கலம் 2.4 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். பரவலாகப் புழங்கும் டிடபிள்யூ01 என்ற ஆறு கால் சிப்பின் எல்லை இதுதான். சிப் முதல் மாஸ்ஃபெட்டை அணைக்கிறது. வெளியே போகும் வழி அடைபட்டது. சார்ஜரைச் செருகினால் மின்னோட்டம் எதிர்த்திசையில் வருகிறது. அணைந்து கிடக்கும் அதே மாஸ்ஃபெட்டின் டையோடு, சைக்கிள் டியூபின் வால்வு காற்றை விடுவதுபோல, அதை உள்ளே விட்டுவிடுகிறது. கடக்கும்போது 0.6 வோல்ட்டுக்கு மேல் வீணாகி வெப்பமாகும். கலம் தேறியதும் மாஸ்ஃபெட் மீண்டும் இயங்க, அந்த இழப்பும் மறையும். சார்ஜ் ஏறுவதற்கென்று தனிப் பாதையே வேண்டாம். கேட்காமல் வந்து ஒட்டிக்கொண்ட குறை, பாதி வேலையைச் செய்துவிடுகிறது!

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பளுவை, அதாவது மின்சாரத்தை இழுக்கும் கருவியை, விலக்கியதும் கலத்தின் மின்னழுத்தம் தானாகச் சற்று ஏறும். 2.4 வோல்ட்டில் அணைத்து, 2.41 வோல்ட்டில் மீண்டும் இயக்கினால் கருவி ஓயாமல் அணைந்து அணைந்து எரியும். ஒவ்வொரு முறையும் கலம் இன்னும் கொஞ்சம் வற்றும். அதனால் மீண்டும் திறப்பதற்கான எல்லையை 3 வோல்ட் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சிப்புக்கும் தீனி வேண்டும்: சுமார் 3 மைக்ரோஆம்பியர். ஓராண்டுக்குக் கணக்கிட்டால் 26 மில்லிஆம்பியர்-மணி. கைப்பேசிக்கு இது தூசு. சில பத்து மில்லிஆம்பியர்-மணியே கொள்ளும் காதொலிக் கருவியின் கலத்துக்கு அப்படியல்ல. எல்லையைத் தொட்டதும் சிப் ஏறக்குறைய உறங்கிவிடும் என்றாலும், கலம் தானாக இழப்பதும் சேர்ந்துகொள்கிறது. நீண்ட நாள் பயன்படுத்தாமல் வைப்பதென்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள், காலியாக வைக்காதீர்கள்.

"முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும்" என்பது பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிக் காலத்து அறிவுரை. லித்தியம் அயனி கலம் சந்தைக்கு வந்தது 1991-இல். அறிவுரை மட்டும் இன்னும் அசையவில்லை. மூடநம்பிக்கை என்றால் தாயத்து மட்டும்தானா?

மற்ற வகைகளுக்கு வேறு நோய்கள். ஈய-அமிலப் பேட்டரியைத் தீர்ந்த நிலையில் விட்டுவைத்தால் ஈய சல்ஃபேட் பெரும் படிகங்களாக இறுகி, சார்ஜுக்கு மசியாது. 12 வோல்ட் பேட்டரியைப் பளுவில் 10.5 வோல்ட்டோடு நிறுத்துவது அதனால்தான். தொடராக இணைத்த நிக்கல் கலங்களில் முதலில் தீர்ந்துபோகும் பலவீனமான கலத்தின் வழியே மற்றவை மின்னோட்டத்தைத் தள்ளி, அதன் முனைகளையே தலைகீழாக்கிவிடும்.

ஆராய்ச்சிப் பணம் "இன்னும் அதிக ஆற்றல்" என்ற தலைப்புச் செய்தியின் பின்னாலேயே ஓடுகிறது என்பது என் நெடுநாள் மனக்குறை. தாங்கும் தன்மைக்கும் கொஞ்சம் செலவழிக்கலாம். சோடியம் அயனி கலத்தைப் பாருங்கள். சோடியம் அலுமினியத்தோடு கலவையாவதில்லை. ஆகவே இரு முனைகளிலும் அலுமினியத் தாளையே வைக்கலாம். கரைவதற்குச் செம்பே கிடையாது. எடைக்கு எடை ஆற்றல் லித்தியத்தைவிடக் குறைவுதான். ஆனால் இப்படி வடிவமைத்த கலத்தை 0 வோல்ட் வரை இறக்கி, அந்த நிலையிலேயே கப்பலேற்றி, போய்ச் சேர்ந்த இடத்தில் வழக்கம்போலச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம்.