கப்பல் நெருங்கும்போது ஆறு ஏன் கரையை விட்டு விலகுகிறது?

ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகம், கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், எல்பே ஆற்றின்மேல் இருக்கிறது. ஏறத்தாழ 400 மீட்டர் நீளமுள்ள கன்டெய்னர் கப்பல்கள்கூட அங்கே வருகின்றன. அத்தகைய கப்பல் நெருங்கும்போது கரையோர நீர் உள்வாங்கி மணல் வெளியே தெரிவதையும், கப்பல் கடந்ததும் நீர் சீறிக்கொண்டு திரும்புவதையும் காணொளியில் பார்த்த வாசகர் ஒருவர், கப்பல் அலையை எழுப்பத்தானே வேண்டும், நீரை ஏன் இறக்குகிறது என்று கேட்டிருக்கிறார்.

கப்பலின் முகப்பிலிருந்து ஆப்பு வடிவில் விரியும் அலைகளை நாம் எல்லோரும் அறிவோம். ஆழமான நீரில் அவை பயணப் பாதைக்கு இருபுறமும் சுமார் 19.5 பாகைக்குள் அடங்கிவிடும் என்பதை இயற்பியலாளர் கெல்வின் 1887-இல் காட்டினார். கரையை ஒட்டி வேகமாகச் செல்லும் சிறு படகுகளால் விளையும் அரிப்பில் இவற்றுக்கே பெரும்பங்கு. பெரிய கப்பல் குறுகிய ஆற்றில் செல்லும்போது நிகழ்வதோ வேறொன்று.

கப்பல் முன்னேற வேண்டுமானால், அது இடம்பெயர்க்கும் நீர் பின்புறம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஒடுங்கிய மாடவீதியில் தேர் நகரும்போது கூட்டம் இருபுறமும் ஒதுங்கிப் பின்னோக்கி நகர்வதுபோல, நீரும் கப்பலின் பக்கங்களிலும் அடியிலும் எதிர்த்திசையில் ஓடுகிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்ற பெர்னூலியின் விதி இங்கே கண்முன் தெரிகிறது: ஆற்றின் மேற்பரப்பு திறந்தவெளியாக இருப்பதால், அழுத்தக் குறைவு நீர்மட்டத்தின் தாழ்வாகவே வெளிப்படுகிறது. கப்பலின் முழு நீளத்துக்கும் கரைவரை பரவும் ஒரு பள்ளம் அதனுடன் சேர்ந்தே பயணம் செய்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சராசரியாக 10 மீட்டர் ஆழமுள்ள அமைதியான ஆற்றின் குறுக்குவெட்டில் ஒன்பதில் ஒரு பங்கைக் கப்பல் அடைத்துக்கொண்டு, நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரோட்டம் நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டராகவும், மட்டத் தாழ்வு சுமார் 56 சென்டிமீட்டராகவும் வருகின்றன. நீர்மட்டம் தாழ்ந்ததால் ஓடும் வழி மேலும் குறுகி, அதனால் வேகம் மேலும் கூடுவதையும் சேர்த்துத்தான் இந்த விடை. கப்பல் தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் தாழ்வும் பாதியாகும் என்று தோன்றலாம்; ஆனால் அது வெறும் 9 சென்டிமீட்டராக, ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஆற்றுப் போக்குவரத்தைப் பற்றிய வாதங்களில் கப்பலின் அளவையே எல்லோரும் பேசுகிறார்கள். வேகக் கட்டுப்பாடு இத்தனை வலிமையான மருந்து என்பது இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

கரைக்கு என்ன ஆகிறது? நீர்மட்டம் ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிட, கரைமண்ணுக்குள் ஊறியிருந்த நீர் அவ்வளவு விரைவில் வடிய முடியாமல் உள்ளிருந்து மண்துகள்களை வெளியே தள்ளுகிறது. வெளியே தாங்கி நின்ற நீரின் எடையும் அப்போது இல்லை. இவ்வாறு மண் பிடிப்பிழந்திருக்கும் அதே வேளையில், கப்பலின் பின்முனையைத் தொடர்ந்து நீர் செங்குத்தான முகப்புடன் திரும்பிப் பாய்ந்து அதை அள்ளிச் செல்கிறது. கீழ் எல்பேயில், நம் கடற்கரைகளில் தூண்டில் வளைவு என்று அழைக்கப்படும் கல் தடுப்புகளைப் போன்றவை, இந்த நீண்ட அலைகள் மேலேறிப் பாய்வதால் சேதமடைந்திருக்கின்றன. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றின் கீழ்ப்பகுதியிலோ, சால்மன் மீன்குஞ்சுகள் கப்பல் அலைகளால் கரையில் ஒதுங்கிச் சாகின்றன.

நம் நாட்டில், மேற்கு வங்கத்தின் ஹால்தியாவிலிருந்து பிரயாக்ராஜ் வரை 1620 கிலோமீட்டர் நீளும் கங்கை நீர்வழி, 1986-இலேயே முதலாம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. அங்கே கரையை உடைப்பதில் மழைக்கால வெள்ளத்துக்கே முதலிடம் என்பதால், எல்லா அரிப்பையும் கப்பல்மீது சுமத்துவது நேர்மையாகாது. அதற்காகக் கப்பலின் பங்கை அளக்காமல் விடுவதும் சரியல்ல. கப்பல்களுக்காக ஆற்றை ஆழப்படுத்தும் பணிக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பகுதியையாவது இந்த அளவீட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கரையோரம் நீரடியில் அழுத்தமானிகளைப் பொருத்தி, அவற்றின் பதிவைக் கப்பல்கள் ஒலிபரப்பும் இருப்பிடத் தகவலுடன் ஒப்பிட்டாலே எந்தக் கப்பல், எந்த வேகத்தில், எவ்வளவு நீரை இறக்கியது என்பது தெரிந்துவிடும். ஆனால் அழுத்தமானி நொடிக்கு ஒருமுறையாவது பதிய வேண்டும்; முழு நிகழ்வும் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடுவதால், மணிக்கொரு முறை மட்டத்தைக் குறிக்கும் வழக்கமான பதிவேட்டில் அது சிக்காது.