192 கிலோஹெர்ட்ஸை விடுங்கள், கெயினைப் பாருங்கள்

மைக், கிட்டார் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் கருவிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். அதன் பெட்டி எதை எடுத்தாலும் முகப்பில் '24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். வீட்டில் பாட்டோ பேச்சோ பதிவு செய்பவருக்கு அந்தப் பெட்டியில் உள்ள எண்களிலேயே மிகக் குறைவாகப் பயன்படுவது அந்த 192தான். நம் காது கேட்கும் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். ஓர் அதிர்வெண்ணைப் பதிய, நொடிக்கு அதைப்போல் இரு மடங்குக்குச் சற்று மேல் மாதிரி எடுத்தால் போதும். ஆகவே 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸே காதுக்கு நிறைவு. 48-இல் ஒரு டிராக் நிமிடத்துக்குச் சுமார் 8.6 மெகாபைட் பிடிக்கும், 192-இல் 34.6. கூடுவது ஹார்ட் டிஸ்க் செலவுதான்.

24 பிட் அப்படியல்ல. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே ஒவ்வொரு பிட்டும் ஏறக்குறைய 6 டெசிபெல் இடம் தருகிறது. 16 பிட்டில் 96 டெசிபெல், 24 பிட்டில் ஏட்டளவில் 144. நல்ல கருவிகள் நடைமுறையில் 110 முதல் 120 வரை தொடும். அதுவே தாராளம். டிஜிட்டல் பதிவில் 0 டெசிபெல்தான் உச்ச வரம்பு. உச்சக் குரல் −12 டெசிபெல்லைத் தாண்டாதபடி கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, வைத்துவிட்டு நிம்மதியாகப் பாடலாம். சத்தம் குறைவாகப் பதிந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். 0-வைத் தாண்டி வெட்டுப்பட்ட அலையை ஒட்டவைக்க வழியில்லை.

இனி உண்மையான சிக்கலுக்கு வருவோம். மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் மிக மிகச் சிறியது. மேடைகளில் எங்கும் காணும் ஷூர் எஸ்.எம்.58, 94 டெசிபெல் ஒலிக்குத் தருவது 1.85 மில்லிவோல்ட். பாட்காஸ்ட் செய்பவர்கள் விரும்பி வாங்கும் எஸ்.எம்.7பி அதற்கும் குறைவு: 1.12 மில்லிவோல்ட். இதைக் கணினி அளக்கும் நிலைக்கு ஏற்ற ஆயிரம் மடங்கு பெருக்க வேண்டும். ஆயிரம் மடங்கு என்றால் 60 டெசிபெல். எஸ்.எம்.7பி-க்குக் குறைந்தது அவ்வளவு கெயின் வேண்டும் என்று ஷூர் நிறுவனமே சொல்கிறது. 50 டெசிபெல்லில் நின்றுவிடும் இன்டர்ஃபேஸில் அந்த மைக்கைச் செருகினால், குமிழைக் கடைசிவரை திருகியும் குரல் முனகும். பிறகு மென்பொருளில் ஏற்றும்போது 'உஸ்ஸ்' என்ற இரைச்சலும் கூடவே ஏறும்.

அந்த 'உஸ்' எங்கிருந்து வருகிறது? மின்தடை எதுவானாலும் அதனுள் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் சும்மா இருப்பதில்லை. 150 ஓம் தடை ஒன்று அறை வெப்பநிலையில், காது கேட்கும் பட்டையில், தானாகவே சுமார் 0.22 மைக்ரோவோல்ட் இரைச்சல் உண்டாக்குகிறது. மின்னழுத்தத்தைக் குறிக்கும் டெசிபெல் அளவான டிபியுவில் அது −131. மைக் சிக்னலைப் பெருக்கும் எந்த முன்பெருக்கியும் இதற்குக் கீழே போக முடியாது. இயற்கையே போட்ட தரை அது. விவரப் பட்டியலில் 'ஈஐஎன்' (EIN) என்ற வரியைத் தேடுங்கள். முன்பெருக்கியின் இரைச்சலை உள்ளீட்டு அளவில் சொல்லும் எண் அது. −127, −128 என்று இருந்தால் தரைக்கு மிக அருகில் வந்தாயிற்று. அதற்கு மேல் பணம் கொட்டுவதில் லாபம் சொற்பம். −120 என்றால் மேலே சொன்ன ஷூர் மைக்குகள் போன்ற டைனமிக் வகைக்கு யோசிக்க வேண்டும். மின்சாரம் ஊட்டி இயக்கும் கண்டென்சர் மைக் வைத்திருப்பவர் இந்தக் கணக்கில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அது பத்து மடங்குக்கு மேல் வலுவான சிக்னல் தரும். இரைச்சல் வந்தால் பெரும்பாலும் மின்விசிறிதான் காரணம்.

கெயின் போதவில்லை என்ற புகாரில் ஒரு பகுதி கேபிளின் தவறு. மலிவான மைக்கோடு வரும் கேபிளின் மறுமுனையில் 6.35 மில்லிமீட்டர் பிளக் இருக்கும். இன்டர்ஃபேஸின் கூட்டுத் துளையில் நடுவே அது பொருந்தும், ஆனால் பல கருவிகளில் அந்த வழி லைன் (ஏற்கெனவே பெருக்கப்பட்ட ஒலி) அல்லது கிட்டார் சிக்னலுக்கானது. மைக் முன்பெருக்கியின் முழு கெயின் அங்கே கிடைக்காது, பேன்டம் பவரும் போகாது. மைக்குக்கு இரு முனையும் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் கொண்ட வட்ட இணைப்பு) உள்ள கேபிளே வேண்டும்.

பேன்டம் பவர் என்றால் கண்டென்சர் மைக்குக்கு அதே கேபிள் வழியே போகும் 48 வோல்ட். ஏன் 48? 1966-இல் நார்வே வானொலிக்கு ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் டிரான்சிஸ்டர் மைக் செய்துகொடுத்தபோது, அந்த நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக ஏற்கெனவே 48 வோல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதையே எடுத்துக்கொண்டார்கள், உலகம் முழுவதற்கும் அதுவே வழக்கமாகிவிட்டது.

வீணை, கிட்டார் போன்றவற்றில் ஒட்டி, அதிர்வை மின் சிக்னலாக்கும் பீசோ பிக்கப்புக்கு விதி வேறு. 27 மில்லிமீட்டர் பீசோ வட்டு ஏறக்குறைய 20 நானோஃபாரட் மின்தேக்கி போல நடக்கிறது. 10 கிலோஓம் லைன் துளையில் அதைச் செருகினால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதெல்லாம் தேய்ந்து, மந்தர ஸ்தாயி தகர டப்பா மாதிரி ஒலிக்கும். கிட்டார் போன்ற கருவிகளுக்கான 1 மெகாஓம் 'இன்ஸ்ட்' துளையில் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கருவி ஒன்றுதான், துளைதான் வேறு.

அடுத்தது லேட்டன்சி, அதாவது ஒலி கணினிக்குள் போய்த் திரும்பி வரும் தாமதம். கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாக வாங்காது. ஒரு குவளை நிரம்பும்வரை காத்திருக்கும். அந்தக் குவளைதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் 256 மாதிரி பஃபர் நிரம்ப 5.3 மில்லிநொடி. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, மேலே டிரைவரின் பங்கு. மொத்தம் 10-ஐத் தாண்டும். காற்றில் ஒலி அந்த நேரத்தில் மூன்றரை மீட்டர் போய்விடும். கிட்டார் வாசிப்பவர் இதைப் பொறுத்துக்கொள்ளக்கூடும். பாடகர் மாட்டார்: தன் குரல் மண்டையோட்டு வழியே உடனே கேட்க, ஹெட்ஃபோனில் தாமதமாகத் திரும்பி வரும்போது இரண்டும் கலந்து குரல் குழாய்க்குள் பாடுவதுபோல் ஆகிவிடும். 'டைரக்ட் மானிட்டர்' வசதி மைக் ஒலியைக் கணினிக்குப் போகாமலே ஹெட்ஃபோனுக்குத் திருப்பிவிடுகிறது. பாடுபவர் அது இல்லாத கருவியை வாங்கக் கூடாது. கணினிக்குள் ஆம்ப் ஒலியைப் போட்டுக்கொண்டு கிட்டார் வாசிப்பவருக்கு அது உதவாது. பஃபரை 64-க்கு இறக்கியும் 'டிக் டிக்' வராத டிரைவர்தான் அவருக்கு முக்கியம். விண்டோஸில் வேலை செய்வோர், தயாரித்த நிறுவனமே தன் அசியோ (ASIO, தாமதத்தைக் குறைக்கும் வகை) டிரைவர் தருகிறதா என்று வாங்குமுன் பார்த்துவிடுங்கள். மேக்கில் இந்தத் தலைவலி குறைவு. பதிவு முடிந்து மிக்ஸ் செய்யும்போது பஃபரை 1024-க்கு ஏற்றிவிடலாம்.

எத்தனை துளை? மிருதங்கத்துக்கு வலந்தலை ஒன்று, தொப்பி ஒன்று என இரண்டு மைக். கூடவே பாட்டும் வேண்டுமென்றால் மூன்று. பெட்டியில் '4 இன்' என்று போட்டிருக்கும். திருப்பிப் பார்த்தால் மைக் முன்பெருக்கி இரண்டே இருக்கும், மீதி லைன். எக்ஸ்எல்ஆர் துளைகளை எண்ணுங்கள்.

யுஎஸ்பி-சி என்பது பிளக்கின் வடிவம் மட்டுமே. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு சேனலுக்கு நொடிக்கு 1.15 மெகாபிட் போதும். பழைய யுஎஸ்பி 2.0 தாங்குவது 480. இங்கே பற்றாக்குறை வேகத்தில் வராது, மின்சாரத்தில்தான் வரும். யுஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட், 500 மில்லிஆம்பியர். அதைத் தனி மின்சாரம் இல்லாத ஹப் வழியே கீபோர்டோடும் மவுஸோடும் பங்குபோட்டால், பேன்டமை இயக்கிய நொடியில் கருவி துண்டித்துக்கொள்ளும். நேரே கணினியில் செருகுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் 'ஹ்ம்ம்' என்று கேட்டால், லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி சார்ஜரும் எர்த்தும். லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே மூன்று பின் பலகையில் மாட்டி, ஸ்பீக்கருக்கு பேலன்ஸ்டு கேபிள் (வழியில் புகும் இரைச்சலைக் கழித்துவிடும் வகை) போட்டால் பெரும்பாலும் அடங்கும். எர்த் பின்னை உடைத்தாலும் அடங்கும். ஆனால் கருவிக்குள் கசிவு வந்தால் அப்புறம் மின்சாரம் பாயும் வழி உங்கள் உதடும் மைக்கின் கம்பிவலையும்தான்.