எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்: ஒரு தொடர் முடிந்த இரவில் மூளைக்குள் நடப்பது

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) முன் காம்பராவில், ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒரு தொடரின் கடைசி எபிசோடைப் பார்த்து முடித்தபோது இரவு பதினொரு மணி தாண்டியிருந்தது. அண்ணன் அப்போது கொழும்பில் வேலை செய்தான். மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வரும்போது பென் டிரைவ் நிறைய எபிசோடுகளை ஏற்றிக்கொண்டு வருவான். தொடரின் பெயர் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'. அமெரிக்காவில் 2009 மார்ச் 20ஆம் திகதியே முடிந்துபோன தொடர் அது. எங்கள் வீட்டில் அது முடிய இன்னும் மூன்று வருஷம் பிடித்தது.

திரை இருண்டதும் அண்ணன் எழுந்தான். "இதுக்காடா இத்தன நாள் கண்ணு முழிச்சோம்?" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து பனிக்குள் இறங்கிப் போய்விட்டான். தங்கச்சி அழுதுகொண்டிருந்தாள், ஆனால் அது நிறைவான அழுகை. அப்பாயிக்கு ஆங்கிலம் தெரியாது. நான் சொல்லச் சொல்லத்தான் முழுக் கதையையும் கேட்டு வந்தார். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கப்பலையெல்லாம் சூரியனுக்குள்ள விட்டுட்டாங்களே, இனி திரும்பிப் போறதுன்னா எப்புடிப் போவாங்க?"

ஒரே வீடு, ஒரே முடிவு. ஆனால் மூன்று பேரும் மூன்று வெவ்வேறு கதைகளைப் பார்த்தது மாதிரி இருந்தது. இது ஏன் என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். கிடைத்த பதில்கள் உளவியலிலும் நரம்பியலிலும் இருந்தன. ஒரு பதில் மட்டும், சிவன் மன்மதனை எரித்த கதையை மாசி மாதத்தில் ஆடிக்காட்டும் காமன் கூத்தில் இருந்தது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனிதர் உருவாக்கிய சைலோன் என்ற இயந்திர இனம் மனிதரின் பன்னிரண்டு உலகங்களையும் அழித்துவிடுகிறது. தப்பியவர்கள் ஐம்பதாயிரம் பேர் அளவில், கப்பல் கூட்டமொன்றில் ஏறி, பூமி என்ற இடத்தைத் தேடி அலைகிறார்கள். கடைசியில் ஒரு பூமியை அடைகிறார்கள். அது நம் பூமிதான், ஆனால் 150,000 ஆண்டுகளுக்கு முந்தியது. கப்பல்களைச் சூரியனுக்குள் அனுப்பிவிட்டு, கையில் கிடைத்ததோடு காட்டுக்குள் பிரிந்து போகிறார்கள். நடுவில் ஒருமுறை இறந்து திரும்பி வந்த விமானி காரா திரேஸ், பேசிக்கொண்டிருக்கும்போதே புல்வெளியில் காணாமல் போகிறாள். யார் அவள், எப்படித் திரும்பி வந்தாள் என்று தொடர் சொல்லவே இல்லை.

அண்ணனின் கோபம் அந்தப் புல்வெளியில்தான் தொடங்கியது.

நம் மூளை எந்த நேரமும் அடுத்தது என்ன என்று கணக்குப் போட்டபடியே இருக்கிறது. 1990களில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு அடையாளம் தோன்றும், கொஞ்ச நேரத்தில் பழச்சாறு கிடைக்கும். இதைக் குரங்கு பழகிய பிறகு, டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்கள் சாறு கிடைக்கும்போது துடிக்கவில்லை, அடையாளம் தோன்றியபோதே துடித்தன. முக்கியமான விஷயம் இனித்தான் வருகிறது. அடையாளத்தைக் காட்டிவிட்டுச் சாற்றைக் கொடுக்காமல் விட்டால், சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் அந்த நரம்பணுக்களின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே விழுந்தது. எதுவுமே கிடைக்காத சாதாரண நேரத்தை விட, கிடைக்கும் என்று எதிர்பார்த்துக் கிடைக்காத நேரம் மோசமானது. குரங்கின் சாற்றையும் ஒரு தொடரின் முடிவையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏமாற்றத்தின் அளவை எதிர்பார்ப்புத்தான் தீர்மானிக்கிறது என்ற கணக்கு இரண்டுக்கும் பொருந்துகிறது.

இந்தத் தொடர் அந்த எதிர்பார்ப்பைத் தானே ஊட்டி வளர்த்தது. தொடக்க சீசன்களில் எபிசோட் ஆரம்பிக்கும்போது சைலோன்களைப் பற்றிச் சில வரிகள் திரையில் வரும். அவர்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது என்பதுதான் அதில் கடைசி வரி. எத்தனை இரவு அந்த வரியை வாசித்திருப்போம்! திட்டம் என்ன என்று அண்ணன் ஒரு சீ.ஆர். கொப்பியில் குறிப்பே எழுதி வைத்திருந்தான். நாலு சீசன் நெடுக அடையாளத்தைக் காட்டிவிட்டு, கடைசியில் சாறு இல்லை.

முடியாத வேலை மனதை விட்டு இறங்காது என்று சொல்வார்கள். 1927இல் பெர்லினில் புளூமா சைகார்னிக் என்ற ஆய்வாளர், பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகள் முடித்த வேலைகளை விட நன்றாக நினைவில் நிற்பதாக எழுதினார். பின்னால் வந்த சோதனைகளில் இந்த நினைவாற்றல் முடிவு எப்போதும் கிடைக்கவில்லை. ஆனால் அவரோடு அதே ஆய்வுக்கூடத்தில் இருந்த மரியா ஓவ்சியன்கினா கண்டது இன்னும் உறுதியாக நிற்கிறது: பாதியில் விட்ட வேலையை, யாரும் சொல்லாமலேயே, மனிதர் திரும்பப் போய் எடுக்கிறார்கள். ரசிகர்கள் விடிய விடிய விளக்கம் தேடுவது, தாங்களே வேறு முடிவு எழுதுவது எல்லாம் இந்த உந்துதல்தான். காரா யார் என்ற கேள்வியை அண்ணன் அடுத்த மூன்று மாதம் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

சரி, தங்கச்சி ஏன் கோபப்படவில்லை? அவளுக்குத் திட்டம் ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. அவள் பார்த்தது மனிதர்களை. சாகும் நிலையில் இருந்த ஜனாதிபதி லோரா ரோஸ்லினையும், வயதான தளபதி அடாமாவையும். ரோஸ்லின் கடைசியில் அடாமாவின் பக்கத்தில், பூமியின் விலங்குக் கூட்டங்களைப் பார்த்தபடி கண் மூடுகிறார். தங்கச்சிக்குத் தொடர் அங்கேயே முடிந்துவிட்டது. தொடரை உருவாக்கிய ரொனால்ட் மூரும், கடைசிக் கதையை எழுத முடியாமல் திணறியபோது, முக்கியம் பாத்திரங்கள்தான் என்று பலகையில் எழுதி வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார். ஆக, முடிவு தங்கச்சி மாதிரி ஆட்களை நினைத்து எழுதப்பட்டது. அண்ணன் மாதிரி ஆட்கள் வேறு வாசலில் காத்துக்கொண்டிருந்தார்கள்.

திரையில் பார்க்கும் ஆளோடு நமக்கு உண்டாகும் ஒரு பக்க உறவைப் பற்றி டொனால்ட் ஹோர்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956இலேயே எழுதினார்கள். அவர் நமக்குத் தெரிந்தவர், நாம் அவருக்குத் தெரியாதவர். இருந்தாலும் மூளை அவரையும் அறிமுகமானவர் பட்டியலில்தான் வைக்கிறது. முகத்தையும் குரலையும் நூறு தடவை கண்டு கேட்டால் அது பழகிய ஆள்தான். நடுவில் இருக்கும் கண்ணாடியைத் தனியாகக் கழித்துப் பார்க்கும்படி நம் மூளை பரிணமிக்கவில்லை. 'ஃப்ரெண்ட்ஸ்' தொடர் 2004இல் முடிந்த பிறகு கெரன் எயால், ஜொனதன் கோஹன் இருவரும் மாணவர்களிடம் இதை அளந்து பார்த்தார்கள். பிடித்த பாத்திரத்தோடு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு பிரிவுத் துயர் இருந்தது. தனிமையில் இருந்தவர்களுக்குக் கூடுதலாகவே இருந்தது. நிஜ உறவு முறிந்த வலியை விட அது குறைவுதான், ஆனால் அதே வகையைச் சேர்ந்தது. நாடகத்துக்கு அழுகிறாயே என்று ஒருவரைக் கேலி செய்வதற்கு முன் இதை யோசிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அந்த அழுகை பொய்யில்லை.

அப்பாயியின் கேள்விக்கு வருகிறேன். எனக்கு ரொம்ப நாள் விளங்காமல் இருந்தது அதுதான்.

கதைக்குள் இழுத்துக்கொண்டு போகப்படும் நிலையை மெலனி கிரீன், திமொத்தி ப்ரொக் இருவரும் 2000இல் அளவுகோல் வைத்து ஆராய்ந்தார்கள். கதையில் வருவது வாசகரின் சொந்த வாழ்க்கையைத் தொட்டால் அவர் இன்னும் ஆழமாக உள்ளே போகிறார் என்பது கிரீன் பின்னால் செய்த ஆய்வில் தெரிந்தது. அப்பாயி விண்கப்பலைக் கண்டதில்லை. ஆனால் கப்பலைப் பற்றி அவருக்குத் தெரியும். 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், எங்களைப் போன்ற இந்திய வம்சாவளி மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுக்கவும், மிச்சம் 150,000 பேரின் கதியைப் பிறகு பார்க்கவும் முடிவு செய்தது. லயம் லயமாக ஆட்கள் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறினார்கள். அப்பாயியின் கூடப் பிறந்த தங்கை அப்படிப் போனவர். 1984இல் அந்தக் கப்பல் ஓட்டமும் நின்றுபோனது. திரையில் கப்பல்கள் சூரியனை நோக்கிப் போனபோது தங்கச்சி விடுதலையைப் பார்த்தாள். அப்பாயி, திரும்பி வர முடியாத வழியைப் பார்த்தார். தொடரை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமே இல்லை. ஆனாலும் அது அந்தக் காட்சிக்குள் இருந்தது, ஏனென்றால் கதையின் பாதியைப் பார்ப்பவரின் நினைவுதான் எழுதுகிறது.

அண்ணனுக்கு இன்னொரு கோபமும் இருந்தது, அதில் நான் அவன் பக்கம். கடைசிக் காட்சியில் இன்றைய நியூயோர்க்கில் ஒரு செய்தி வருகிறது: தான்சானியாவில் 'மைட்டோகொண்ட்ரியா ஏவாளின்' எச்சங்கள் கிடைத்துவிட்டன, அவள்தான் இன்று வாழும் எல்லாருக்கும் மிக அண்மைய பொது மூதாதை என்று. இது பிழை. உயிரணுவுக்குச் சக்தி தரும் உறுப்பான மைட்டோகொண்ட்ரியாவில் இருக்கும் டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருகிறது. மகன்மாரை மட்டும் பெற்ற தாயின் அந்த வரிசை அந்த மகன்மாரோடு நின்றுவிடும். அப்பாயிக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள். எங்களிடம் அவருடைய மூக்கு இருக்கிறது, மைட்டோகொண்ட்ரியா இல்லை. இப்படி வரிசைகள் ஒவ்வொன்றாக அறுந்து அறுந்து, தாய் வழியாக மட்டும் பின்னால் போனால் எல்லாரும் வந்து சேரும் ஒரு பெண்தான் அந்த ஏவாள். அவள் காலத்தில் வேறு பெண்களும் வாழ்ந்தார்கள், அவர்களின் மற்ற மரபணுக்கள் இன்றும் நம்மிடம் இருக்கின்றன. தாய் வழி, தந்தை வழி எல்லாம் கலந்து தேடினால் கிடைக்கும் பொது மூதாதை அவளுக்கு வெகு காலம் பிந்தியவர். அறிவியலைச் சொல்லிக் கதையை முடிக்கிறவர்கள் இதைச் சரியாகச் சொல்லியிருக்கலாம்.

இனி முடிவுக்கு மட்டும் ஏன் இத்தனை கனம் என்ற கேள்வி. எழுபதுக்கு மேற்பட்ட எபிசோடுகளில் கடைசி ஒன்று பிடிக்கவில்லை என்றால், மிச்சமெல்லாம் எப்படி வீணாகும்?

டேனியல் கானமனும் கூட்டாளிகளும் 1993இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு தடவை கையை 14 பாகை (செல்சியஸ்) குளிர் நீரில் 60 விநாடி வைத்திருக்க வேண்டும். இன்னொரு தடவை அதே 60 விநாடியோடு மேலும் 30 விநாடி. அந்த 30 விநாடியில் நீர் மெல்ல 15 பாகைக்கு ஏறும். 14 பாகை என்றால் என்ன என்று மார்கழிக் காலையில் பீலியில் முகம் கழுவிய எவருக்கும் சொல்லத் தேவையில்லை. எதைத் திரும்பச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானவர்கள் நீண்டதையே தேர்ந்தார்கள். மொத்த வேதனை அதில்தான் அதிகம், ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. நினைவு நேரத்தைக் கூட்டிப் பார்ப்பதில்லை. உச்சமான கணத்தையும் முடிந்த விதத்தையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுகிறது.

சில வருஷம் கழித்து அண்ணனிடம் தொடரில் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். இரண்டைச் சொன்னான். ஒன்று, முதல் சீசனின் முதல் எபிசோட்: 33 நிமிஷத்துக்கு ஒரு தரம் எதிரி வருவான், ஐந்து நாளாக யாருக்கும் தூக்கமில்லை. மற்றது அந்தப் புல்வெளி. நடுவில் நாங்கள் சேர்ந்து சிரித்த இரவுகள், மழைக்குக் கரண்ட் போய் மெழுகுதிரியோடு காத்திருந்த நேரங்கள் எதுவும் அவன் பட்டியலில் இல்லை. ஆனால் அந்த இரவுகளில் அவன் சந்தோஷமாக இருந்தான், நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நினைவில் இல்லாததால் அது நடக்காததாகிவிடாது.

காமன் கூத்தில் இந்தச் சிக்கல் இல்லை. மாசியில் கம்பம் ஊன்றும்போதே, காமன் எரியப் போகிறான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் தப்பு மேளச் சத்தத்தோடு இரவெல்லாம் விழித்திருக்கிறோம், அவன் மனைவி ரதி புலம்பும்போது அழுகிறோம். முடிவு தெரிந்த கதையில் பொய்த்துப்போக எதிர்பார்ப்பு இல்லை. கவனமெல்லாம் ரதியின் மேல் போகிறது. 2011இல் ஜொனதன் லெவிட், நிகலஸ் கிறிஸ்டென்ஃபெல்ட் இருவரும் சிறுகதைகளை வைத்துச் செய்த ஆய்வில், முடிவை முன்கூட்டியே தெரிந்து வாசித்தவர்கள் கூடுதலாகவே ரசித்தார்கள். பின்னால் வந்த எல்லா ஆய்வும் அதை ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

அப்படித் தெரிந்த முடிவுக்கும் சண்டை உண்டு என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். தஞ்சாவூர்ப் பக்கத்து லாவணிப் பாட்டில் இரண்டு அணிகள் எதிரெதிரே உட்காரும். மன்மதன் எரிந்தான் என்று ஒன்று, எரியவில்லை என்று மற்றது. எரிந்த கட்சி, எரியாத கட்சி. வாதத்துக்கு வாதம் பாட்டாகவே வரும். ஒரே கருத்துள்ளவர்கள் தங்களுக்குள் பேசப் பேச அந்தக் கருத்து இன்னும் முறுகும் என்பதை 1969இல் செர்ஜ் மொஸ்கோவிசியும் மரிசா சவலோனியும் காட்டினார்கள். லாவணியில் இரு கட்சியும் ஒரே பந்தலில், ஒருவர் பாட்டை மற்றவர் கேட்டாக வேண்டும்.

எங்கள் வீட்டிலும் அதே ஏற்பாடுதான். போன வருஷம் பொங்கலுக்கு எல்லாரும் வந்திருந்தபோது கடைசி எபிசோடை மறுபடி போட்டோம். காரா மறையப் போகிற இடம் எல்லாருக்கும் தெரியும். அண்ணன் இந்தத் தடவை வெளியே போகவில்லை. ரோஸ்லின் கண் மூடுகிற இடத்தில் கன்னத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். முடிந்ததும் தங்கச்சி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு," என்றான், "ஆனா அவ யாருன்னு சொல்லியிருக்கணும்." தங்கச்சி சொல்லத் தேவையில்லை என்றாள். விடியற்காலை ரெண்டு மணி வரை போனது.