கல்லூரி ஆலோசனை அறைக்கு மாணவர்கள் ஏன் வருவதில்லை?

தமிழ்நாட்டில் ‘கவுன்சலிங்’ என்றதும் பெற்றோரின் நினைவுக்கு வருவது பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வுதான். “சீட்டுதான் கிடைத்துவிட்டதே மேடம், இன்னும் எதற்குக் கவுன்சலிங்?” என்று ஒரு தந்தை கேட்டபோது, உளவியல் ஆலோசகராக என் வேலை என்னவென்று சொல்லிப் புரியவைக்கவே எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்கள், தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் வழங்கியது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ஆலோசகரை அமர்த்திவிட்டதால் மட்டும் மாணவர்கள் வந்துவிடுவதில்லை. நான் கண்டவரை, வெட்கத்தைக் காட்டிலும், பேசியதெல்லாம் துறைத் தலைவர் காதுக்கும் வீட்டுக்கும் போய்விடுமோ என்ற அச்சமே அவர்களை அதிகம் தடுக்கிறது.

நான் முன்பு பணியாற்றிய ஒரு கல்லூரியில் ஆலோசனை அறை முதல்வர் அலுவலகத்தை ஒட்டி இருந்தது. வாசலில் ஒரு பதிவேடு. அதில் பெயர், துறை, ‘வந்த காரணம்’ என மூன்று பத்திகள். அந்தப் பருவம் முழுவதும் வந்தவர்கள், வருகைப்பதிவு குறைந்ததாலோ வகுப்பில் கைப்பேசியுடன் பிடிபட்டதாலோ அனுப்பிவைக்கப்பட்டவர்கள் மட்டுமே. தண்டனைக்கு நிற்பதைப் போலவே என்முன் அமர்ந்திருந்தார்கள். பலமுறை கேட்டபின் அறை நூலகத்தின் மாடிக்கு மாற்றப்பட்டு, பதிவேடும் எடுக்கப்பட்டது. அதன்பிறகுதான் தாமாக வருபவர்களைப் பார்த்தேன்.

அப்படி வருபவர்களும் முதல் நாளிலேயே மனத்தைத் திறந்துவிடுவதில்லை. தலைவலி, தூக்கமின்மை, படித்தது நிற்கவில்லை என்றுதான் தொடங்குவார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து முதல் மதிப்பெண் வாங்கியவர், ஆங்கில வகுப்பில் ஒன்றும் புரியாமல் நான்கு அரியர்களை வீட்டில் மறைத்து வைத்திருப்பது மூன்றாவது சந்திப்பில்தான் வெளிவரும். கல்விக் கடனும், முறிந்த காதலும், விடுதியில் சாதியைச் சொல்லிச் செய்யும் கேலியும் அதைவிடத் தாமதமாகவே வரும்.

“அந்தப் பிள்ளைக்கு என்னதான் பிரச்சினை?” என்று விடுதிக் காப்பாளர் அக்கறையோடுதான் கேட்பார். ஆனால் அந்த மாணவர் என்னிடம் வந்தாரா என்பதைக்கூட நான் சொல்வதில்லை. சிகிச்சை பெறுபவரின் தகவல்கள் ரகசியமாகக் காக்கப்படுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே தந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும், தேவையானவர்களிடம் தேவையான அளவு சொல்வேன் என்பதை முதல் சந்திப்பிலேயே மாணவரிடம் தெரிவித்துவிடுகிறேன். தற்கொலை எண்ணம் பற்றிப் பேசினால் காவல்துறை வழக்கு வருமா என்று கேட்பவர்களும் உண்டு. வராது, முயன்றவரையே கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதித்தான் அதே சட்டம் பாதுகாக்கிறது.

ஆலோசகர் மருந்து எழுதித் தருவதில்லை. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தாலோ, யாரும் பேசாதபோதே குரல்கள் கேட்டாலோ மனநல மருத்துவரிடம் அனுப்புவோம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. நள்ளிரவில் மனம் தாளாமல் போனால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

முதல்முறை வருபவர்களில் பலரைத் தோழரோ தோழியோதான் கையைப் பிடித்து அழைத்துவருகிறார்கள். அவர்கள் காத்திருப்பதற்காக, கீழிருந்து யார் பார்த்தாலும் தெரியாதபடி படிக்கட்டின் மறைவில் இரண்டு நாற்காலிகள் போட்டிருக்கிறோம்.